முகத்தைக் காட்டச் சொல்லும் வேலை

பாண்டிச்செல்வியோடு வெட்டவெளியில் நின்று யாராலும் பேச முடியாது. பேசிக்கொண்டே ஓர் எட்டு நகர்வாள். கேட்பவரும் மரியாதைக்கு ஓர் எட்டு நகர்வார். இப்படியே நகர்ந்து, பேச்சு முடிகிறபோது இரண்டு பேரும் ஏதாவது சுவரோரத்திலோ, நிறுத்தி வைத்த லாரியின் மறைவிலோ நின்றுகொண்டிருப்பார்கள். நிழல் விலகினால் அவளும் விலகுவாள், பேச்சு அறுபடாது. பஸ்ஸில் ஏறினால் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் உட்காருவாள். நிழல் பக்கம் இடமில்லை என்றால், காலியாகக் கிடக்கும் சீட்டை விட்டுவிட்டு, வீடு இருக்கும் வடக்குப்பட்டு வரை நின்றுகொண்டே வருவாள். அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் இதை மூன்று வருஷமாகப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரம்மா சந்திரம்மாளுக்கு வாய் சும்மா இராது. "இன்னாடி, வெயிலு இன்னா உன் மாமியாரா? கண்டாலே இப்டி ஒளியிற?"

"மாமியார்னா எதுத்து ரெண்டு வார்த்த பேசிரலாம்க்கா. இதுகிட்ட என்னத்தப் பேச?" என்பாள் பாண்டிச்செல்வி. சொல்லிவிட்டு வாசல் கதவின் மறைவுக்குள் இன்னும் கொஞ்சம் போய்க்கொள்வாள்.

பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே, எட்டாவதோடு படிப்பை நிறுத்திப் பருத்திக்காட்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள். சித்திரை மாசத்திலும் தலையில் துண்டு போட மாட்டாள். 1998-இல் ஐயனாரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி முள்ளுக்காட்டை அழித்துக் கம்பெனிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயனார் முதலில் கம்பி கட்டப் போனான்; பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டான். அவள் வீட்டோடு இருந்தாள். யார் பேசினாலும் தரையைப் பார்த்தே பதில் சொல்வாள். அதனால் ஆட்களின் முகத்தைவிடச் செருப்புதான் அவளுக்கு நன்றாகத் தெரியும். வீடு தேடி வந்தவர் யார் என்று ஐயனார் கேட்டால், "இடது குதிகால் தேஞ்ச செருப்பு போட்டவுக" என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டாயிரத்தில், கார்களுக்கு வயர் தயாரிக்கும் ஒரு கம்பெனி உற்பத்தி லைன் வேலைக்குப் பெண்களைச் சேர்த்தது. அவர்களைச் சோதித்து உள்ளே விட ஒரு பெண் வேண்டும் என்று செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் தேடினார்கள். அங்கே சூப்பர்வைசர் கோதண்டம். பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐயனார் அவளைக் கூட்டிப் போய் அவர் முன்னால் நிறுத்தினான்.

"இன்னா படிச்சிகிற?"

"எட்டு, அண்ணாச்சி."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகக் கடையா வெச்சிகினு கீறேன்? சார்னு கூப்டு."

"சரிங்க, அண்ணாச்சி."

கோதண்டம் ஐயனாரைப் பார்த்தார். "வெளங்கிடும்" என்றார். வேறு பெண் யாரும் வராததால் வேலையைக் கொடுத்தார்.

காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட், முன்னால் நாக்கு நீட்டிய தொப்பி. முதல் வாரம் அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு லைன் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் கேட்டில் நின்ற பிறகு வேறு மாதிரி ஆயிற்று. இங்கே தரையைப் பார்த்து நிற்க முடியாது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் வரும் பெண்கள் எல்லாரும் தூசுக்கும் வெயிலுக்கும் பயந்து, கண்ணை மட்டும் விட்டுத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். துப்பட்டாவை அவிழ்க்கச் சொல்லி, முகத்தைப் பேட்ஜில் உள்ள போட்டோவோடு ஒப்பிட்டு, பையைத் திறந்து பார்த்து விட வேண்டும். முன்பு ஒருத்தி அக்காவின் பேட்ஜை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் லைனில் வேலை பார்த்துவிட்டாளாம். அதிலிருந்து இது சட்டம்.

"முகத்தக் காட்டுத்தா." நாள் முழுக்க அவள் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். சொல்லிச் சொல்லி, மனிதர்களை நேராகப் பார்க்க அவளுக்குப் பழகிவிட்டது. யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் ஊருக்குப் போய் வந்த சந்தோஷத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கும் அவளைத் தெரிந்தது. 'கேட் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கென்று இருந்த முதல் இடம் அந்தக் கேட்.

கேட் மேற்குப் பார்த்தது. மத்தியானம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வெயில் நேராக முகத்தில் விழும். தொப்பியின் நாக்கு நெற்றியை மறைக்கும், அவ்வளவுதான். கீழே சிமெண்ட் தரை வாங்கிய வெயிலைத் திருப்பி மேலே அடிக்கும். தடுப்புக் கட்டை தூக்குகிற ஆளுக்குச் சின்னக் கூண்டு இருந்தது. பெண்களைச் சோதிக்கிறவளுக்கு இல்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று கேட்டைக் கட்டியபோது யாரும் நினைத்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் பழுப்பாக மங்கு விழுந்தது. ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் போட்டாள். மஞ்சளை அப்பினாள். எலுமிச்சம் பழத்தை அரிந்து தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குக் கன்னம் தீப்பிடித்த மாதிரி எரிந்ததுதான் மிச்சம். மங்கு இன்னும் கறுத்தது.

பக்கத்து அறையில் சுகப்பிரியா இருந்தாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண். அதே கம்பெனியில் லைனில் வேலை. அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஓர் அறையைப் பிடித்துத் தங்கியிருந்தார்கள். அவள்தான் ஒரு டியூபைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

"எங்க ரூம்ல எல்லாரும் இதத்தான்க்கா போடுறோம். பட்டாணி அளவு எடுத்து நைட்டு தடவிட்டுப் படுங்க. பத்தே நாள்ல பாருங்க."

"என்ன மருந்து இது?"

"அதெல்லாம் தெரியாது. முன்னாடி ரூம்ல இருந்த அக்கா போட்டாங்க. மெடிக்கல்ல போயி காலி டியூபக் காட்டுனா புதுசு எடுத்துத் தருவாங்க."

பெட்டியில் எறும்பு எறும்பாக இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதைப் படிக்கிற ஆள் அந்த லைன் வீட்டில் இல்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, ஊருக்குப் போகிறவள் வருகிறவளுக்கு என்று அந்த டியூப் கைமாறி வந்துகொண்டிருந்தது. 'ரூம் க்ரீம்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

சொன்ன மாதிரியே ஆயிற்று. மங்கு கரைந்து, முகம் விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. "இன்னாம்மா, வூட்ல ஏசி கீசி போட்டுட்டியா?" என்றார் கோதண்டம். ஐயனார், "உன்ன ஊருக்குக் கூட்டிப் போனா எவளோ ஒருத்திய இழுத்துட்டு வந்துட்டான்னு என்னிய அடிக்க வருவாக" என்றான். பாண்டிச்செல்வி வெட்கப்பட்டாள், கண்ணாடியையும் அடிக்கடி பார்த்தாள்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பெண்கள் விடிவதற்குள்ளோ மத்தியானமோ கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிஃப்ட் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். கேட்டில் சோதனைக்காக நிற்கிற கொஞ்ச நேரம்தான் அவர்கள் முகத்தில் வெயில் விழும். பாண்டிச்செல்விக்கோ வெயில்தான் வேலை இடம். உள்ளே இருப்பவர்களின் பழக்கத்தை வெளியே நிற்கிறவள் எடுத்துக்கொண்டாள். அது போதாதென்று, இவ்வளவு நல்ல மருந்து வெயிலையும் தடுக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, காலையில் கேட்டுக்குக் கிளம்பும்போதும் ஒரு தடவை பூசினாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். 2003 கோடையில் முகம் அவளுக்கு எதிராகத் திரும்பியது. வெயிலில் போய் நின்ற சற்று நேரத்தில் கன்னம் குங்குமமாகச் சிவக்கும். சுடுகிற தோசைக்கல்லில் கன்னத்தை வைத்த மாதிரி எரியும். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, அடியில் ஓடும் நரம்புகள் சிவப்பு நூலாகத் தெரிந்தன. டியூபைப் பூசினால் எரிச்சல் அடங்கும். ஒரு நாள் விட்டால் இரட்டிப்பாக வரும். அதனால் மேலும் பூசினாள். அடுப்படி அனல்கூடத் தாங்காத நிலைமை வந்தபோது ஐயனார் லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

தோல் டாக்டரம்மா டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "கை கால்ல தடிச்சுப்போன கரப்பானுக்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும் போடுற மருந்தும்மா இது. முகத்துல போடவே கூடாது. ஒரு வருஷமா போட்டு, தோலு கரைஞ்சு போச்சு. கரைஞ்ச தோலு வெயில எப்படித் தாங்கும்?"

"நிறுத்திருதேன்."

"ஒரேயடியா நிறுத்தினா வீங்கிடும். லேசான களிம்பு ஒண்ணு எழுதித் தரேன், நான் சொல்ற மாதிரி குறைச்சுக் குறைச்சு நிறுத்தணும். அப்பவும் கொஞ்ச மாசம் சிவக்கும், எரியும், உரியும். பயந்துபோய் பழைய டியூபத் தொட்டீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து. மஞ்சள் வேணாம், எலுமிச்ச வேணாம், சோப்பு வேணாம். வெளிய போனா இந்த லோஷன். ஆனா ஒண்ணு, நீங்க வெயில்ல நின்னா எந்த லோஷனும் உங்களக் காப்பாத்தாது. நிழல்ல இருக்கணும். என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஐயனார் கேட்டான். "வேலைய விட்டுருதியா?"

"விட மாட்டேன்."

"அப்ப மூஞ்சி?"

"அதையும் விட மாட்டேன்."

எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. பெண்களுக்கு அப்போது நைட் ஷிஃப்ட் கிடையாது. அந்த ஏஜென்சியில் பெண்ணுக்கென்று இருந்தது இந்த மெயின் கேட் மட்டும்தான்.

டாக்டரம்மா சொன்னது ஒன்று விடாமல் நடந்தது. முகம் வீங்கிக் கண் இடுங்கிப் போயிற்று. தோல் வாழை நாராக உரிந்தது. சுகப்பிரியா வந்து பார்த்துவிட்டுப் பதறினாள். "ஒரே ஒரு தடவை தொட்டு வைங்கக்கா. அடங்கிரும். எங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே!" சந்திரம்மாளோ, கல்யாணமான பெண் வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பூசாமல் நிற்கிறாளே என்று எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அங்கலாய்த்தாள். பாண்டிச்செல்வி ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டியூப் ஜன்னல் மாடத்தில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். காலையில் எழுந்ததும் அதை எடுத்துப் பின்பக்கத்தைக் கிழித்து, உள்ளே இருந்ததை வழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கோதண்டம் அவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "இன்னாம்மா இது, மூஞ்சி இப்டி கீது? மெயின் கேட்டும்மா இது. ஃபாரின்காரன் வர்றான், பெரிய பெரிய ஆபீசருங்க வர்றாங்க. எதனா ஒட்டுவாரொட்டின்னு நெனச்சிக்க மாட்டான்?"

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக சார்."

"அத்த போர்டுல எழுதி கழுத்துல மாட்டிக்கிறியா? லீவு போட்டுட்டுப் போ. சரியானதும் வா."

லீவில் போனவர்களின் தொப்பியை வேறொருவர் போட்டுக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். "இல்ல சார், நிக்கேன்" என்றாள்.

மறுநாள் ஐயனாரின் கறுப்புக் குடையை எடுத்து வந்தாள்.

"இன்னா, மழையா பேயுது?" என்றார் கோதண்டம். "நம்மூரு கோயில் உடையவர் பொறப்பாடா நடக்குது, குடை புடிக்கிறதுக்கு? அப்பறம் எவனாவது தேங்கா ஒடச்சி சூடம் காட்டிட்டுப் போயிடுவான்."

அவர் கேலி செய்ததால் அல்ல, குடை தானாகவே தோற்றது. ஒரு கை குடைக்குப் போனால் பையைத் திறந்து பார்க்க இன்னொரு கை பத்தவில்லை. கேட் குழாயில் கட்டி வைத்தாள். ஒரு டிரெய்லர் லாரி போன காற்றில் குடை கம்பி கம்பியாகப் பிரிந்து போயிற்று. அடுத்து ஒரு காட்டன் துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் முதலில் வந்த பெண்ணிடம் வழக்கம்போல, "முகத்தக் காட்டுத்தா" என்றாள்.

"மொதல்ல நீங்க காட்டுங்கக்கா. அப்புறம் நாங்க காட்டுறோம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. பாண்டிச்செல்வி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வீங்கின முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் அவள் அந்த வரிசையை வேறு கண்ணோடு பார்த்தாள். தன்னுடைய முறை வரும்போது தாமதம் ஆகக் கூடாது என்று கடைசியில் நிற்பவள்கூட முன்னாலேயே துப்பட்டாவை அவிழ்த்துவிடுகிறாள். வழி முழுக்க மூடிக்கொண்டு வந்த முகத்தை, வெயில் நேராக அடிக்கிற நேரத்தில், சிமெண்ட் தரைக்கு மேலே, எல்லாரும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். திறக்கச் சொல்கிறவள் அவள். பேட்ஜைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குகிறார்கள். நாலைந்து பேருக்கு மங்கு தொடங்கியிருந்தது. இன்னும் சிலருக்கு அவளுக்குத் தெரிந்த அந்தப் பளபளப்பு இருந்தது. வெயில் பட்டதும் அந்தக் கன்னங்கள் சட்டென்று சிவந்தன.

கேட்டுக்கு உள்ளே, வலது கைப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. தகரக் கூரை. கம்பெனி பஸ் வந்த பிறகு சைக்கிள்கள் குறைந்து, பாதி காலியாகத்தான் கிடந்தது. சோதனையை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கோதண்டத்திடம் கேட்டாள்.

"ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்தா கேட்ல செக்கிங் நடக்குறது தெரியணும். உன்ன கொண்டுபோயி சைக்கிளுக்கு நடுவுல ஒளிச்சி வெக்கச் சொல்றியா? போம்மா, வேலையப் பாரு."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதே பதில்தான். நாலாவது தரம் அவள் கேட்கவில்லை. மத்தியானம் ஷிஃப்ட் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பை வைத்துப் பார்க்கும் மேஜையைத் தனியாளாக இழுத்துக்கொண்டு போய் சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போட்டாள். பெண்கள் வர வர, "இங்கன வாங்கத்தா. இங்கன வந்து அவுத்தாப் போதும்" என்று கூப்பிட்டாள். வரிசை தானாகவே வளைந்து தகரத்துக்கு அடியில் போயிற்று.

கோதண்டம் ஓடி வந்தார். "யார் சொல்லி எடுத்தாந்த மேஜய?"

"யாரும் சொல்லல சார்."

"திருப்பிப் போடு."

"போட மாட்டேன் சார். இங்கனதான் பாப்பேன். ஒவ்வொருத்தியையும் பாத்துத்தான் விடுவேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கோதண்டம் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் இருநூறு பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரையும், கம்பெனி ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் வானமாமலை கூப்பிட்டார். அதிகம் பேசாத மனுஷன். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவள் முகத்தையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. உன் பக்கம் வராம எவளாவது நேரா உள்ள போயிட்டா?"

"விட மாட்டேன் சார்."

"ஒருத்தி போனாலும் நீ இங்க இருக்க முடியாது. தெரியுதா? இந்த மாசம் முடியட்டும். பாப்போம்."

வெளியே வந்ததும் கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார். "என்னையும் சேத்து மாட்டி வுட்டியேம்மா!" ஆனால் மறுநாள் காலையில் அவரே ஒரு நைலான் கயிற்றைக் கொண்டு வந்து, கேட்டிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் பட்டாளத்து முடிச்சாகப் போட்டு இழுத்துக் கட்டினார். "இந்தக் கவுத்தத் தாண்டுறவள நீ பாத்துக்க. உன்ன நான் பாத்துக்கறேன்" என்றார்.

மாசம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் வரிசை எல்லாம் உள்ளே போன பிறகு ஒரு டிரெய்லர் வந்தது. தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். வண்டி மெதுவாக உள்ளே நுழைந்தபோது, அதன் சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பக்கமாக இரண்டு கால்கள் வேகமாக நடந்து போவதைப் பாண்டிச்செல்வி பார்த்தாள். நீல வார் போட்ட செருப்பு. ஒரு வார் அறுந்து, வேறு நிற நூலால் தைத்தது. யாருடைய செருப்பு என்று அவளுக்குத் தெரியும். தினமும் தன் வாசலுக்குப் பக்கத்தில் கழற்றிப் போடுகிற செருப்பு.

தெரிந்தவள்தான், ஆள் மாறாட்டம் இல்லை, போகட்டும் என்று ஒரு நிமிஷம் மனசு சொன்னது. ஆனாலும் அவள் தொப்பியைக்கூட எடுக்காமல் வெயிலுக்குள் ஓடினாள். டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு போய், வேலைக்கு வந்ததற்குக் கார்டு பஞ்ச் அடிக்கிற இடத்துக்கு நாலடி முன்னால் மறித்து நின்றாள்.

"நில்லு சுகா."

முகத்தை முழுசாக மூடிக் கட்டியிருந்தாள் சுகப்பிரியா. "அக்கா, லேட்டாயிருச்சு. விடுங்க."

"முகத்தக் காட்டு."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். காட்டிட்டுப் போ."

"வெயில்ல காட்டாதீங்கன்னு ஊரக் கூட்டுனது நீங்கதானே? இப்ப நடு வெயில்ல நிப்பாட்டிக் காட்டச் சொல்றீங்க!"

"அப்ப நிழலுக்கு வா."

"பக்கத்து வீட்டுக்காரின்னுகூடப் பாக்க மாட்டீங்களா? அரை நாள் போயிரும்க்கா எனக்கு!"

பாண்டிச்செல்வியின் கன்னம் எரியத் தொடங்கியிருந்தது. அவள் நகரவில்லை. சுகப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்; இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளே நடந்து வந்தாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குள் வந்து, வேண்டா வெறுப்பாகத் துப்பட்டாவை அவிழ்த்தாள்.

இரண்டு கன்னமும் செக்கச் சிவந்து, பொரிப் பொரியாகத் தடித்திருந்தன. மூக்கோரம் உரிந்திருந்தது.

"எப்பயிருந்து?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"லைன்லேர்ந்து பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. ஷட்டர் நாள் பூரா தொறந்தே இருக்கு. வெயில் மூஞ்சிலயே அடிக்குது." பேட்ஜை எடுத்து நீட்டினாள். "நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் அந்தப் பக்கம் போனேன். போதுமா? இப்ப போகலாமா?"

பேட்ஜைப் பார்த்து, பையைத் திறந்து பார்த்து, பாண்டிச்செல்வி அவளை விட்டாள். சுகப்பிரியாவுக்கு அன்றைக்கு அரை நாள் போயிற்று. பிறகு பல நாள் அவள் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஒருத்தி குடத்தை எடுத்த பிறகுதான் இன்னொருத்தி வருவாள்.

தடுப்புக் கட்டை தூக்குகிறவர் வழியாக விஷயம் கோதண்டத்துக்குப் போயிருந்தது. "பக்கத்து வூட்டுப் பொண்ணயே புடிச்சி நிறுத்திட்டியாமே" என்றார். அவர் அதை வானமாமலையிடம் சொன்னாரா இல்லையா என்று தெரியாது. மாசம் முடிந்தது. அடுத்த மாசமும் பிறந்தது. கூப்பிட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே போய்க் கேட்டபோது கோதண்டம் சலித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லலைன்னா நடத்துன்னு அர்த்தம். நீ போயி மறுபடி கேட்டு அவருக்கு ஞாபகப்படுத்தாத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

"எத்தன நாள்க்கா எரியும்?"

பாண்டிச்செல்வி பொய் சொல்லவில்லை. "ரெம்ப நாள் எரியும். குறையும், திருப்பி வரும். இனி தாங்காதுன்னு நினைப்ப, அதுக்குப் பெறகும் ஒரு தடவ வரும். அப்புறம் குறையும்."

"ரூம்ல மத்தவளுக எல்லாம் இன்னும் போடுறாளுக."

"நீ முதல்ல நிறுத்து. உன்னப் பாத்து நிறுத்துறவ நிறுத்தட்டும். நாளைக்குச் செங்கல்பட்டு போவோம், காலையில கிளம்பி நில்லு."

சுகப்பிரியா தலையாட்டினாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. சுகப்பிரியாவின் முகம் நன்றாகவே தெளிந்துவிட்டது; சின்ன வயசு, சீக்கிரம் நிறுத்தினாள். அவள் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் இருந்த அறையில் இரண்டு பேர் அந்த க்ரீமை விட்டார்கள், ஒருத்தி விடவில்லை. பாண்டிச்செல்வியின் கன்னத்தில் எரிச்சல் இல்லை, தோலும் கொஞ்சம் தடித்திருக்கிறது. மங்கு முன்னைவிட லேசாகத் திரும்பி வந்திருக்கிறது. சிவப்பு நரம்புகள் சில போகவே போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏஜென்சி இரண்டு தடவை மாறிவிட்டது, கோதண்டம் வேலையை விட்டுவிட்டார், அவளை மாற்றவில்லை. பெண்களுக்கான சோதனை சைக்கிள் ஸ்டாண்டில்தான் நடக்கிறது.